சமாதான உடன்படிக்கைகள் பகைவர்களுக்கிடையே பலத்தை எப்படிப் பங்கிடுகின்றன? புதுச்சேரி, கடலூர் வரலாற்றிலிருந்து ஓர் எளிய விளக்கம்

போர் முடிந்த மறுநாளும் வென்ற நாடும் தோற்ற நாடும் அதே எல்லையின் இருபுறமும் இருந்தாக வேண்டும். இன்று வீழ்ந்தவர் நாளை எழுந்து வந்துவிடுவாரோ என்ற அச்சம் வென்றவருக்கு இருக்கும். ஆயுதத்தைக் கீழே போட்ட பிறகு எஞ்சியிருப்பதையும் பறித்துக்கொள்வார்களோ என்ற அச்சம் தோற்றவருக்கு இருக்கும். இந்த இரண்டு அச்சங்களையும் ஒரே ஆவணத்துக்குள் அடக்க முயல்வதுதான் சமாதான உடன்படிக்கை. எந்த நிலம் யாருக்கு, கோட்டை எங்கே இருக்கலாம், படை எத்தனை பேர், பணம் யார் தர வேண்டும் என்று அதில் எழுதப்படும் பிரிவுகள் அனைத்தும், மறுபடி போர் தொடுக்கும் வலிமை யாரிடம் எவ்வளவு இருக்கலாம் என்ற ஒரே கேள்விக்கான விடைகள். ஒருவரை ஒருவர் எளிதில் விழுங்கிவிட முடியாத அளவில் அந்த வலிமை நிற்பதை அதிகாரச் சமநிலை என்கிறோம்.

பள்ளிப் பாடத்தில் இதை ஐரோப்பிய வரலாறாகப் படித்து, தேர்வெழுதி, மறந்துவிடுகிறோம். புதுச்சேரியிலும் கடலூரிலும் வாழ்கிறவர்கள் அப்படி மறப்பதற்கில்லை. ரிஸ்விக் (1697), பாரிஸ் (1763), வெர்சாய் (1783), அமியான் (1802), மறுபடியும் பாரிஸ் (1814) என்று ஐந்து உடன்படிக்கைகள் புதுச்சேரியைப் பிரான்சிடம் திருப்பித் தர வேண்டும் என்று எழுதின. முதல் முறை ஊரைப் பிடித்து வைத்திருந்தவர்கள் டச்சுக்காரர்கள். மற்ற நான்கு முறையும் ஆங்கிலேயர்கள். ஒரு முறைகூட இங்கே வாழ்ந்த மக்களை யாரும் கேட்கவில்லை. ஆயினும் அந்த உடன்படிக்கைகள் போட்ட கோடுகளில்தான் இன்றைக்கும் நம் எல்லைகள் ஓடுகின்றன. பாகூர் பக்கமோ வில்லியனூர் பக்கமோ போகிறவர்கள் தமிழ்நாட்டு ஊரும் புதுச்சேரி ஊரும் மாறி மாறி வருவதைப் பார்த்திருப்பார்கள்.

பிடித்ததைத் திருப்பித் தருவது

ஒரு போரில் இரு தரப்பும் வெவ்வேறு இடங்களில் வெல்வதுண்டு. 1745-இல் வட அமெரிக்காவில் பிரெஞ்சுக்காரர்களின் லூயிபூர் கோட்டையை ஆங்கிலேயக் குடியேற்றப் படை பிடித்தது. 1746 செப்டம்பரில், அப்போது பிரெஞ்சு வசம் இருந்த மொரிஷியஸிலிருந்து கப்பற்படையுடன் வந்த அதன் ஆளுநர் லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். சென்னையை இழந்த ஆங்கிலேயக் கம்பெனி தன் தலைமையிடத்தைக் கடலூரில் தேவனாம்பட்டினத்தை ஒட்டிய புனித டேவிட் கோட்டைக்கு மாற்றிக்கொண்டு, 1752 வரை அங்கிருந்தே சோழமண்டலக் கரையை நிர்வகித்தது. 1748-இல் எக்ஸ்-லா-ஷபேல் நகரில் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, பிரான்சு சென்னையைத் திருப்பித் தந்தது. பிரிட்டன் லூயிபூரைத் திருப்பித் தந்தது. கனடாவின் பனிக்கரையில் இருந்த ஒரு துறைமுகமும் நம் கடற்கரையில் இருந்த ஒரு நகரமும் ஒரே கணக்கின் இரு பக்கங்களாயின. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் எவ்வளவோ பாடுபட்டுத் தக்கவைத்திருந்த சென்னை, அவரைக் கேளாமலே கைமாறியது.

வாக்குக் கொடுத்தால் மட்டும் போதுமா? போதாது என்று அப்போதைய அரசுகள் நினைத்தன. லூயிபூர் உண்மையிலேயே ஒப்படைக்கப்படும் வரை இரண்டு ஆங்கிலேயப் பிரபுக்கள் பாரிஸில் பிணையாக இருக்க வேண்டும் என்று உடன்படிக்கை எழுதியது. சசெக்ஸ் பிரபுவும் கேத்கார்ட் பிரபுவும் அவ்வாறே போனார்கள். நம்பிக்கை இல்லாத இடத்தில் சமநிலையை நிறுத்திவைக்க உத்தரவாதம் ஒன்று தேவைப்படுகிறது. அன்று அது மனிதர்களாக இருந்தது. பிற்காலத்தில் ஆக்கிரமிப்புப் படையாகவும், பன்னாட்டுக் கண்காணிப்பாளர்களாகவும் ஆனது.

1763-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையில் இன்னும் நுட்பமான ஒரு கருவியைப் பார்க்கலாம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1761 ஜனவரியில், நீண்ட முற்றுகைக்குப் பின் புதுச்சேரி வீழ்ந்திருந்தது. ஆங்கிலேயர்கள் மதில்களையும் கோட்டையையும் பெரும் கட்டடங்களையும் தகர்த்துவிட்டிருந்தார்கள். உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு, 1749-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரான்சிடம் என்னென்ன இருந்தனவோ அவற்றைத் திருப்பித் தருவதாகவும், அதன் பின் பிடித்தவற்றின் மேல் பிரான்சுக்கு எந்த உரிமையும் இல்லை என்றும் கூறியது. துய்ப்ளேக்ஸும் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியும் கர்நாடகத்திலும் (இன்றைய மாநிலமன்று, ஆற்காட்டு நவாப் ஆண்ட பகுதி) தக்காணத்திலும் பெரும் நிலப்பரப்பைப் பெற்றது 1749-க்குப் பிறகுதான். ஆகவே ஓர் ஆண்டைக் குறிப்பிட்டதன் மூலமே, ஒரு பேரரசுக் கனவைப் பிரிட்டன் சில வணிக நிலையங்களாகச் சுருக்கிவிட்டது. உடன்படிக்கைப் பேச்சுவார்த்தைகளில் தூதர்கள் ஒரு தேதிக்காக வாரக்கணக்கில் வாதிடுவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

அதே பிரிவு, புதுச்சேரி 'இப்போது இருக்கும் நிலையிலேயே' ஒப்படைக்கப்படும் என்றும் சொன்னது. 1765-இல் திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் பெற்றுக்கொண்டது இடிபாடுகளை. அது மட்டுமன்றி, வங்காளத்தில் பிரான்சு கோட்டை கட்டக்கூடாது, படை வைக்கக்கூடாது. கர்நாடகத்தின் முறையான நவாப் முகமது அலி என்றும் தக்காணத்தின் சுபேதார், அதாவது ஆளுநர், சலாபத் ஜங் என்றும் இரு நாடுகளும் ஏற்க வேண்டும் என்றெல்லாம் எழுதப்பட்டது. உள்ளூர் அரசர்களில் ஆளுக்கொருவரை ஆதரித்து மறைமுகமாகப் போர் நடத்தும் வழியை அடைப்பதே இதன் நோக்கம். ஆனால் பாரிஸில் இந்தப் பெயர் எழுதப்படுவதற்கு முந்தைய ஆண்டே சலாபத் ஜங்கை அவருடைய தம்பி நிசாம் அலி பதவியிலிருந்து இறக்கிவிட்டிருந்தார். தொலைவில் உட்கார்ந்து எழுதப்படும் சமநிலை, களத்தில் உள்ள உண்மைக்குப் பின்னால் ஓடிவருவதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

கடலூர், 1783 ஜூன்

அந்த இடைவெளி சில வேளைகளில் உயிர்களாகவே கணக்கிடப்படும். 1782-இல் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் சேர்ந்து கடலூரைப் பிடித்தன. அதை மீட்க 1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையில் ஆங்கிலேயப் படை வந்து முகாமிட்டது. உள்ளே முதியவரான புஸ்ஸி இருந்தார். ஜூன் 13 அன்று கோட்டைக்கு வெளியே நடந்த சண்டையில் இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் விழுந்தார்கள். ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரேனின் 15 போர்க்கப்பல்களும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸின் 18 போர்க்கப்பல்களும் மோதின. எண்ணிக்கையில் குறைந்திருந்தும் சுப்ரேன் ஆங்கிலேயக் கப்பல்களைச் சென்னைக்குத் திரும்பச் செய்தார். ஜூன் 25 அன்று பிரெஞ்சுப் படை கோட்டையிலிருந்து வெளியே பாய்ந்து தாக்கித் தோற்றது. மாத இறுதியில் ஓர் ஆங்கிலேயக் கப்பல் செய்தி கொண்டுவந்தது: சமாதானத்துக்கான முன் உடன்பாடு அவ்வாண்டு ஜனவரி 20 அன்றே வெர்சாயில் கையெழுத்தாகிவிட்டிருந்தது. ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்ட போரில் அந்த வீரர்கள், அவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்களிலிருந்து இரு தரப்பிலும் சேர்ந்த சிப்பாய்கள், செத்துக்கொண்டிருந்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

1783 செப்டம்பரில் முழுமையான உடன்படிக்கை வந்தபோது கடலூர் ஆங்கிலேயரிடமும் புதுச்சேரி பிரான்சிடமும் திரும்பின. வெறும் நகரம் மட்டும் இருந்தால் சோற்றுக்கு வழி இராது என்று பிரான்சு வாதாடியதன் பயனாக, வில்லியனூர், பாகூர் பகுதிகள் புதுச்சேரிக்கும், 'மாகாணம்' எனப்பட்ட நான்கு சிறு நிலப்பகுதிகள் காரைக்காலுக்கும் சேர்க்கப்பட்டன. இன்றைய புதுச்சேரி வரைபடத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும் கிராமங்களுக்கு வேர் இங்கே இருக்கிறது. ஏரிப் பாசனமும் நெல்வயலும் உள்ள பாகூரைக் கேட்டு வாங்கியதில் ஓர் அறிவு இருந்தது. தன் உணவுக்குப் பகைவரின் சந்தையை நம்பியிருக்கும் ஊர், கையில் எத்தனை பீரங்கி இருந்தாலும் வலிமையுள்ள ஊர் ஆகாது.

இந்த உடன்படிக்கையால் பெரிதும் பாதிக்கப்பட்டவர் அதில் கையெழுத்திடாத ஒருவர். மங்களூரை முற்றுகையிட்டிருந்த திப்பு சுல்தானுடன் நின்ற பிரெஞ்சு வீரர்கள், ஐரோப்பாவில் சமாதானம் என்ற செய்தி வந்ததும் போரிலிருந்து விலகிக்கொண்டார்கள். பெரிய நாடுகள் தமக்குள் சமநிலை பேசும்போது சிறிய கூட்டாளிகள் கைவிடப்படுவது வரலாற்றில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. திப்பு தனித்து நின்று 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கை செய்துகொண்டார். பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தந்த அந்த உடன்படிக்கை ஓரளவு சமமானது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவர் மீது சுமத்தப்பட்டது அப்படிப்பட்டதன்று: நாட்டில் பாதி பறிபோனது; 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது; பணம் கட்டி முடிக்கும் வரை இரண்டு மகன்கள் பிணையாக அனுப்பப்பட்டார்கள். திண்டுக்கல்லும் இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரமான பாராமகாலும் கம்பெனிக்குப் போயின. அதன் பிறகு மைசூருக்கு அந்த உடன்படிக்கையைக் காப்பாற்றுவதால் கிடைக்கக்கூடிய நன்மை என்று ஒன்றுமில்லை. கம்பெனிக்கோ எஞ்சிய பாதியையும் எடுத்துக்கொள்ளத் தடை என்று ஒன்றுமில்லை. ஏழே ஆண்டுகளில், 1799-இல், திப்பு களத்தில் இறந்தார்.

1814: ஊரைக் கொடுத்து, துறைமுகத்தை வைத்துக்கொண்டது

அமியான் உடன்படிக்கையை விரைவாகக் கடந்துவிடலாம். 1802-இல் புதுச்சேரியைத் தருவதாகப் பிரிட்டன் ஒப்புக்கொண்டது. 1803-இல் பிரெஞ்சுத் தளபதி தெக்கான் கப்பல்களுடன் வந்து சேர்ந்தபோது ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி ஊரைத் தரவில்லை. ஐரோப்பாவில் போர் மறுபடி மூண்டுவிட்டிருந்தது. தெக்கான் மொரிஷியஸுக்குப் போய்விட்டார். இரு தரப்பும் மூச்சு வாங்கிக்கொள்வதற்காக எழுதிய தாள் அது.

நெப்போலியன் வீழ்ந்த பின் 1814 மே 30 அன்று பாரிஸில் எழுதப்பட்ட உடன்படிக்கை வேறு தரத்தது. 1792 ஜனவரி 1 அன்று பிரான்சிடம் இருந்த குடியேற்றங்கள் திருப்பித் தரப்படும் என்று அது கூறியது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்தன்நகர் ஐந்தும் அதில் அடங்கும். ஆனால் சில இடங்கள் விலக்கப்பட்டன. அவற்றுள் முதன்மையானது மொரிஷியஸ். அருகிலிருந்த ரீயூனியன் தீவைப் பிரிட்டன் திருப்பிக் கொடுத்தது. நல்ல இயற்கைத் துறைமுகம் இல்லாத தீவு அது. போர்ட் லூயி என்ற அருமையான துறைமுகத்தைக் கொண்ட மொரிஷியஸைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. லா பூர்தொனே அங்கிருந்துதான் சென்னைக்கு வந்தார்; சுப்ரேனும் அங்கிருந்துதான் முதலில் சோழமண்டலக் கரைக்கு வந்தார். நிலத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டுக் கிணற்றை அண்ணன் வைத்துக்கொள்ளும் பாகப்பிரிவினைக்கு ஒப்பானது இது.

அதன் 12-ஆம் பிரிவுதான், என் மதிப்பீட்டில், நம் மண்ணைத் தொட்ட உடன்படிக்கைப் பிரிவுகளிலேயே மிகவும் தேர்ந்த கையால் எழுதப்பட்டது. இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சி எல்லைக்குள் திருப்பித் தரப்படும் ஊர்களில் பிரான்சு கோட்டை கட்டக்கூடாது. ஊர்க்காவலுக்குத் தேவையான எண்ணிக்கைக்கு மேல் படை வைக்கக்கூடாது. கொடியும் நீதிமன்றமும் வரிவசூலும் பிரான்சினுடையவை. ஆயினும் அந்த ஊரிலிருந்து இனி ஒரு போரைத் தொடங்க முடியாது. பிரான்சின் மானமும் காக்கப்பட்டது. பிரிட்டனின் அச்சமும் தீர்ந்தது. நகரைச் சுற்றி முட்டை வடிவில் ஓடும் புல்வார் சாலைகளில், அதாவது இன்றைய அண்ணா சாலை, படேல் சாலை, சுப்பையா சாலை, கடற்கரைச் சாலை ஆகியவற்றில் நடக்கிறவர்கள், ஒரு காலத்தில் மதில் நின்ற வழித்தடத்தில் நடக்கிறார்கள். 1814-க்குப் பின் அந்த மதில் மறுபடி எழும்பவில்லை.

1815-இல் செய்யப்பட்ட துணை உடன்பாடு ஒன்று உப்பையும் விட்டுவைக்கவில்லை. உப்பு வணிகம் ஆங்கிலேயக் கம்பெனியின் தனியுரிமையாக இருந்தது. பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பு மலிவாக வெளியே கசிந்தால் அந்த வருவாய் கெடும். ஆகவே அந்த உப்பை வாங்கும் உரிமையைப் பிரிட்டன் பெற்றுக்கொண்டு, ஈடாக ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் தர ஒப்புக்கொண்டது. பலவீனமான தரப்புக்கு ஒழுங்காக வந்து சேரும் வருவாய் ஒன்றை ஏற்படுத்திக் கொடுப்பது, அது உடன்படிக்கையை முறிக்காமலிருக்க நல்லதொரு காரணமாகிறது. பிரான்சுக்கும் பிரிட்டனுக்கும் இடையே சோழமண்டலக் கரையில் அதன் பின் போர் நடக்கவில்லை.

இந்த ஏற்பாட்டை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திராத விளைவு ஒன்றும் உண்டு. 1908-இல் பாரதியார் சென்னையிலிருந்து தப்பி வந்து தங்கியது இந்தப் படையற்ற ஊரில்தான். 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். பிரிட்டிஷ் அரசு ஒற்றர்களை அனுப்பித் தெருவெல்லாம் கண்காணித்தது. ஆனால் எல்லைக்குள் வந்து கைது செய்ய அதனால் முடியவில்லை. கோட்டையும் படையும் இல்லாவிட்டாலும், உடன்படிக்கையால் ஏற்கப்பட்ட ஆட்சியுரிமை என்பது தனக்கென ஒரு வலிமை உடையது என்பதை அந்தப் பத்தாண்டு காட்டியது.

தோற்றவரை எங்கே உட்கார வைப்பது

ஐரோப்பாவில் பிரான்சுக்கு நடந்ததையும், நூறாண்டு கழித்து ஜெர்மனிக்கு நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய வேறுபாடு தெரியும். வாட்டர்லூவுக்குப் பின் 1815 நவம்பரில் பிரான்சு 70 கோடி பிராங்க் இழப்பீடு தர வேண்டியிருந்தது. அதிகபட்சம் ஐந்தாண்டுகளுக்கு 1,50,000 பேர் கொண்ட வெளிநாட்டுப் படை அங்கே தங்கும் என்றும் விதிக்கப்பட்டது. கடுமையான நிபந்தனைகள்தாம். ஆனால் தொகைக்கு ஒரு வரம்பு இருந்தது, காலத்துக்கும் ஒரு வரம்பு இருந்தது. 1818-லேயே படைகள் வெளியேறின. அதே ஆண்டு எக்ஸ்-லா-ஷபேலில், சென்னையும் லூயிபூரும் எழுபது ஆண்டுகளுக்கு முன் கைமாறிய அதே நகரில், பெரிய நாடுகளின் கூட்டத்தில் பிரான்சுக்கும் இடம் தரப்பட்டது. ஒழுங்கைக் குலைப்பதைவிட அதில் பங்கு பெறுவதே இலாபம் என்று தோற்ற நாடு கருதும்படி செய்துவிட்டார்கள்.

1919-இல் வெர்சாயில் ஜெர்மனி பேச்சுவார்த்தைக்கு அழைக்கப்படவில்லை. எழுதி முடித்த தாள் கையில் கொடுக்கப்பட்டது. தரைப்படை 1,00,000 பேருக்கு மேல் கூடாது, நீர்மூழ்கிக் கப்பலும் போர் விமானமும் கூடாது, ரைன் ஆற்றுப் பகுதியில் படையே கூடாது. இழப்பீட்டுத் தொகை அப்போது முடிவு செய்யப்படவே இல்லை. 1921-இல்தான் 13,200 கோடி தங்க மார்க் என்று அறிவிக்கப்பட்டது. வெர்சாய் உடன்படிக்கை கொடுமையானது என்பதால்தான் தோற்றது என்று பலர் சொல்வார்கள். அது பாதி உண்மை என்பது என் கருத்து. அதைக் காத்து நிற்க வேண்டியவர்கள் நிற்கவில்லை என்பது மறுபாதி. அமெரிக்க செனட் உடன்படிக்கைக்கு ஒப்புதல் தரவில்லை. பிரான்சுக்கு அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து தருவதாகச் சொன்ன பாதுகாப்பு வாக்குறுதியும் அதோடு போயிற்று. 1936 மார்ச் 7 அன்று ஹிட்லரின் படை ரைன் பகுதிக்குள் நுழைந்தபோது யாரும் தடுக்கவில்லை. பகைவரைச் சினமூட்டும் அளவு கடுமை இருந்தது. அந்தச் சினத்தைத் தாங்கும் அளவு வலிமை பின்னால் இல்லை. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் முதல் உலகப் போரில் இறந்த நம் வீரர்களுக்கான நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது 1938-இல். அடுத்த ஆண்டே இரண்டாம் போர் தொடங்கிவிட்டது.

நம் காலத்தில் இன்னும் நடைமுறையில் இருக்கும் ஓர் உடன்படிக்கையில் இந்தக் கருவிகள் எல்லாம் ஒருங்கே வேலை செய்வதைக் காணலாம். 1979 மார்ச் 26 அன்று எகிப்தும் இஸ்ரேலும் செய்துகொண்டது அது. 1967 போரில் பிடித்த சினாய் தீபகற்பம் முழுவதையும் இஸ்ரேல் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. எல்லைக்கு அருகே எகிப்துப் பெரும்படை வந்துவிடுமே என்ற அச்சத்துக்கு விடையாக, சினாய் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. சூயஸ் கால்வாயை ஒட்டிய பகுதியில் 22,000 பேர் வரை எகிப்துப் படை இருக்கலாம். நடுப்பகுதியில் எல்லைக் காவல் பிரிவுகள் மட்டும். இஸ்ரேலை ஒட்டிய பகுதியில் எகிப்துப் போலீசார் மட்டும். 1814-இல் புதுச்சேரிக்கு எழுதப்பட்டதைப் போன்ற விதிதான் கடைசியாகச் சொன்னது. ஆனால் இங்கே இஸ்ரேல் தன் பக்கத்திலும் எல்லையோரமாக ஒரு குறுகிய பட்டையில் 4,000 பேருக்கு மேல் படை வைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டின் அளவு சமமாக இல்லை. ஆனால் இருவருக்கும் கட்டுப்பாடு இருந்தது. படைவிலகலும் ஒரே நாளில் நடக்கவில்லை. இஸ்ரேல் படிப்படியாகப் பின்வாங்க, ஒவ்வொரு படியிலும் மற்றவர் வாக்கைக் காப்பாற்றுகிறாரா என்று பார்த்துக்கொண்டு, 1982 ஏப்ரல் 25 அன்று அது முடிந்தது. அதே ஆண்டிலிருந்து ஒரு பன்னாட்டுக் கண்காணிப்புப் படை அங்கே நின்று, எண்ணிக்கைகள் மீறப்படவில்லை என்று இரு தரப்புக்கும் சொல்லி வருகிறது. முன்பு பிணைப் பிரபுக்கள் செய்த வேலையை அது செய்கிறது.

வெர்சாயில் இல்லாத இன்னொன்றும் இதில் உண்டு. இந்தப் பாதுகாப்பு ஏற்பாடுகளை எந்த ஒரு தரப்பு கேட்டாலும் மீளாய்வு செய்யலாம், இருவரும் ஒப்பினால் மாற்றலாம் என்று உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2005-இல் இஸ்ரேல் காசாவிலிருந்து வெளியேறியபோது எல்லையில் ஆயுதக் கடத்தலைத் தடுக்க ஆள் தேவைப்பட்டது. போலீசார் மட்டுமே இருக்கலாம் என்று விதிக்கப்பட்டிருந்த பகுதியில் எகிப்து 750 எல்லைக் காவலர்களை நிறுத்துவதற்கு இரு நாடுகளும் பேசி ஒப்புக்கொண்டன. 1973 வரை நான்கு பெரும் போர்களில் மோதிக்கொண்ட இரு நாடுகள், கூடுதலாக எத்தனை வீரர்கள், என்ன ஆயுதங்களோடு என்பதை மேசையில் உட்கார்ந்து முடிவு செய்துகொண்டன.